யாரும் மிதிக்காத கார்பெட்

கார்பெட்டைக் கழுவுகிறவன் வாசல் பக்கத்தில் ஆரம்பிக்கக் கூடாது, மேடம். தூரத்து மூலையில் ஆரம்பித்து, பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் கழுவின இடத்தையே மிதித்துக்கொண்டு வெளியே வர வேண்டியதாகிவிடும். ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது. பேச்சும் எனக்கு அப்படித்தான், நடுவில் பிடித்துப் பேச வராது. போலீஸ் ஸ்டேஷனுக்குள் நானாக நடந்து வந்து ஒன்று சொல்ல வேண்டும் என்றதும், உட்காரச் சொன்னீர்கள், டீ வாங்கிக் கொடுத்தீர்கள், குறுக்கே பேசாமல் கேட்கிறேன் என்றீர்கள். அந்த மரியாதைக்காகவே எதையும் மறைக்கப்போவதில்லை.

என் பெயர் ஹரிகிருஷ்ணன். சொந்த ஊர் பாகூர் பக்கம். அப்பா தெய்வசிகாமணி இன்னமும் நெல் போடுகிறார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே சேறு ஆகாது. காலில் ஒட்டினால் சோறு இறங்காது. டவுனுக்கு வந்து கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்தேன். மாடி முழுக்க கார்பெட் போட்டிருந்தார்கள். உப்புக்காற்றில் அது எப்போதும் நமுத்துப்போய் ஒரு வாடை அடிக்கும். அந்த வாடையைப் போக்க அங்கே என்னை விட்டால் ஆள் கிடையாது. பிறகு புது முதலாளி வந்தார். கார்பெட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு டைல்ஸ் ஒட்டினார். என்னையும் கழுவுகிற மெஷினையும் ஒன்றாகவே வெளியே அனுப்பினார். மெஷினை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன், தாராளமாக எடுத்துக்கொள் என்றார். நெல்லித்தோப்பில் நாங்கள் குடியிருந்த வீட்டு முன்னறையில் அதை இறக்கினபோது, என் மனைவி துர்கா அதற்குச் சந்தனம் குங்குமமெல்லாம் வைத்தாள். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை என்றாள்.

பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்து சாரம், கருவடிக்குப்பம் பக்கமெல்லாம் போடச் சொன்னேன். ஒரு போன் வரவில்லை. ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யூடியூபில் வெளிநாட்டுக்காரன் ஒருவன் இந்தத் தொழிலை எப்படி ஆரம்பிப்பது என்று சொல்கிறான். முதலில் இலவசமாக ஒரு மூலையைச் சுத்தம் செய்து காட்டு, கறுப்புத் துணியில் மண்ணைக் கொட்டிக் காட்டு, வீட்டுக்காரர்கள் தானாக வழிக்கு வருவார்கள் என்கிறான். நானும் அப்படியே செய்தேன். மண் வந்தால்தானே. அவன் ஊரில் ஷூவோடு நடக்கிறார்கள். நம் ஊரில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வருகிறோம். அது போதாதென்று, கார்பெட் வைத்திருக்கிற வீட்டில் அதை யாரும் மிதிக்கவே மாட்டார்கள். சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண்மணி என் கறுப்புத் துணியைப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, எங்க கார்பெட்ட விட உங்க துணிதான் அழுக்காருக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

அப்படி இலவசமாகக் காட்டப் போன வீடுகளில் ஒன்றுதான் சாரத்தில் நிர்மலாதேவி அம்மா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள் குடும்பம், சொல்தா வீடு என்பார்கள் தெருவில். அம்மாவை மதாம் என்று கூப்பிடுவார்கள். அவர் கணவர் சக்கரபாணி வெளிநாட்டில், ஜிபுத்தியில் பட்டாள வேலையில் இருந்துவிட்டு வரும்போது கொண்டுவந்த கார்பெட் கூடத்தில் கிடந்தது. செக்கச்செவேலென்று, ஓரத்தில் நீலப்பூ போட்டது. கணவர் காலமான பிறகும் பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலு அன்றைக்கு அவருடைய பழைய சிநேகிதர்கள் மெடல் குத்திக்கொண்டு வருவார்கள், அப்போதுகூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போய் உட்காருவார்களாம். அந்த அம்மா எனக்குக் காப்பி கொடுத்தார். பிழைக்க வந்த பிள்ளை வெறுங்கையோடு போகக் கூடாது என்று வாழைப்பழம் கொடுத்தனுப்பினார். வேலை மட்டும் கொடுக்கவில்லை. "அதான் சுத்தமாருக்குதே தம்பி, அத எதுக்குக் கழுவணும்" என்றார். நியாயமான கேள்விதான்.

ஓட்டலில் இருந்தபோது பார்த்த ஒரு காட்சி அன்றைக்கு ஞாபகம் வந்தது. ஒரு குடும்பம் அறைக்குள் ஒரே ஒரு மூட்டைப்பூச்சியைப் பார்த்துவிட்டது. அந்த அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இடுப்பில் துண்டோடு வராந்தாவுக்கு ஓடி வந்தார். நிர்வாகம் அந்த மாடியையே காலி செய்து கழுவியது. அழுக்குக்கு யாரும் பயப்படுவதில்லை, மேடம். இரத்தம் குடிக்கிற ஒன்று படுக்கையில் இருக்கிறது என்றால்தான் பயப்படுகிறார்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரம்மச்சாரிகள் தங்குகிற லாட்ஜில் கட்டில் கழுவித் தருகிறேன் என்று போனேன். சந்தோஷமாக விட்டார்கள். அங்கே பிடித்த பூச்சிகளை மாத்திரை வரும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டேன். இலவசமாகக் கழுவிக் காட்டுகிறேன் என்று ஒரு வீட்டுக்குப் போனால், கார்பெட் ஓரத்தை மடித்துப் பார்க்கிற சாக்கில் சிலதை விட்டுவிட்டு வருவேன். கொஞ்ச நாளில் போன் வரும். வேலை இல்லாத வாரங்களில் அவை டப்பாவுக்குள் காய்ந்துவிடும். அப்போது மூடியைத் திறந்து, டப்பா வாயில் மெல்லிய துணி கட்டி, என் முன்கையில் கவிழ்த்து வைத்துக்கொள்வேன். வலி ஒன்றும் கிடையாது, கொஞ்சம் அரிக்கும். யாருடைய இரத்தத்தையும் நான் முதலில் கேட்கவில்லை, என்னுடையதைத்தான் கொடுத்தேன்.

ஒரு நாள் நான் அப்படி உட்கார்ந்திருந்ததைத் துர்கா பார்த்துவிட்டாள். கத்தவில்லை. பிள்ளைகளின் துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு வில்லியனூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போனில் பேசினால், "உங்களப் பாத்தாலே பயமா இருக்குது" என்கிறாள். என்னைப் பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது. அவளுக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம்.

அப்படி மறுபடி போய்ச் சிலதை விட்டுவிட்டு வந்த வீடுகளில், நிர்மலாதேவி அம்மாதான் முதலில் போன் செய்தார். குரல் அடையாளமே தெரியவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கூடத்து நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் கையில் டார்ச் லைட்டோடு உட்கார்ந்திருந்தார். கழுத்து, கையெல்லாம் தடித்திருந்தது. கண்ணை மூடினால் உடம்பு மேல் ஊர்கிறது, தம்பி, எது நிஜம் எது பிரமை என்று தெரியவில்லை என்று அழுதார். புருஷன் ஆசையாகக் கொண்டுவந்த பொருளே தன்னைக் கடிக்கிறதே என்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. பயந்தவர்கள் பேரம் பேசமாட்டார்கள், ஏன் எப்படி என்று கேட்கமாட்டார்கள் என்பதையும் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கார்பெட்டைப் பளிச்சென்று கழுவிக் கொடுத்தேன். என் கையைப் பிடித்து மெர்சி, மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர்தான் என்னைத் தூக்கிவிட்டார், அதை மறுக்க முடியாது. தெரிந்த சொல்தா வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு, எங்களுக்கு ஒரு தங்கமான பிள்ளை கிடைத்திருக்கிறான் என்று சொன்னார். தங்கமான பிள்ளை அந்த வீடுகளுக்கும் டப்பாவோடு போனான். ஓய்ச்சல் இல்லாமல் வேலை வந்தது. மெஷினுக்குப் புதுக் குழாய் வாங்கினேன், சட்டையில் பெயர் தைத்துக்கொண்டேன்.

ஆனால் ஷாம்பு போட்டால் மூட்டைப்பூச்சி சாகாது, மேடம். கொஞ்ச நாள் பதுங்கி, கட்டிலுக்கும் மெத்தைக்கும் போய்விடும். நான் வந்து போன பிறகுதான் அதிகமாகியிருக்கிறது என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்தார். வேறு ஆளை வைத்து மருந்தடிக்கலாமா என்றார் இன்னொருவர். வேறு ஆள் வந்தால், பூச்சி எங்கிருந்து வந்தது என்று பேச்சு வரும். இந்த டவுனில் ஒருவரைத் தெரிந்தால் எல்லோரையும் தெரியும், பேர் ஒரு தடவை கெட்டால் போச்சு.

அப்பா நெல் மூட்டைக்கு வைக்கிற மாத்திரை ஊரில் இருந்தது. வண்டு பிடிக்காமல் இருக்க வைப்பது. அதிலிருந்து புகை மாதிரி வரும், கண்ணுக்குத் தெரியாது. லேசாகப் பூண்டு வாடை அடிக்கும், அவ்வளவுதான். அதைக் கொண்டுவந்தேன். ஒழுங்காகத்தான் செய்தேன், மேடம். வீட்டில் ஒருவரும் இருக்கக் கூடாது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று அனுப்பிவிடுவேன். பிறகு நானே போய் எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்து போட்டு, நன்றாகக் காற்றாடிய பிறகுதான் உள்ளே விடுவேன். ஒருவருக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் கொளஞ்சி அண்ணன் மருந்து வைத்த மூட்டைகளை மழைக்குப் பயந்து படுக்கிற அறையில் அடுக்கினார். காலையில் கதவை உடைத்துத்தான் அவரை எடுத்தோம். தூக்கினவர்களில் நானும் ஒருவன்.

நிர்மலாதேவி அம்மா வீட்டில் படுக்கையறைக்கும் பூச்சி போய்விட்டது என்று கூப்பிட்டார். போனேன். கார்பெட் ஓரத்தில் குனிந்திருந்தபோது, காப்பி டம்ளரோடு அவர் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. டப்பா என் கையில் இருந்தது.

"அது என்னா தம்பி, உள்ள ஊருதே."

"இங்க புடிச்சதுதாம்மா" என்றேன்.

டப்பாவைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "பத்திரமா மூடி வெச்சிக்கப்பா" என்று சொல்லிவிட்டுக் காப்பியை வைத்தார். போகும்போது, கலைவாணி வந்தால் சொல்ல வேண்டும் என்று தனக்குத் தானே பேசிக்கொள்வதுபோலச் சொன்னார். கலைவாணி அவருடைய தம்பி மகள், கருவடிக்குப்பத்தில் இருக்கிறவர், படித்தவர்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த அம்மா எதைச் சொல்லப்போகிறார். ஏன் என் முகத்தைப் பார்த்தார். ஜூலை பதினாலும் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லா வீட்டுக்காரர்களும் அந்தக் கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருக்க, அவர் அந்த டப்பாவைப் பற்றிச் சொன்னால் என்ன ஆகும். தெருவில் யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது. அந்த வாரம் நான் பட்ட பயத்தை வார்த்தையில் சொல்ல முடியாது. அவரும் பயத்தில் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. ஒரே மாதிரிதான் கஷ்டப்பட்டோம்.

ஆகவே நானே போனேன். இலைதழையில் செய்த புது மருந்து, கட்டிலுக்கு அடியில் வைக்கிறேன், நீங்கள் எங்கேயும் போக வேண்டாம் என்றேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு மத்தியானம் நன்றாகப் படுங்கள், எழுந்திருக்கும்போது ஒரு பூச்சி இருக்காது என்றேன். பேசுகிறபோது அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினேன்.

"இன்னைக்காவது தூங்குறேன் தம்பி" என்றார்.

"தூங்குங்கம்மா."

அவர் உள்ளே தாழ் போட்டுக்கொண்ட பிறகு, கதவுக்குக் கீழே இருந்த சந்தில் என் துணியை மடித்து வைத்து அடைத்தேன். பூச்சி கூடத்துக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அதைச் செய்தேன். அவர் எழுந்திருக்கக் கூடாது என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை, மேடம். பேசக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். இருங்கள், வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் நானே திரும்பிப் போய்த் துணியை எடுத்தேன். மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு தெருவில் சொன்னேன், அம்மா கதவைத் திறக்கவில்லை என்று. கதவை உடைத்ததும் பூண்டு வாடை அடித்தது. சமையல்கட்டு வாடை என்று நினைத்துக்கொண்டார்கள். நான் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன், கட்டிலுக்கு அடியில் இருந்ததையும் துடைத்து எடுத்துக்கொண்டேன். வயதானவர், நாள்கணக்காகத் தூங்காதவர், மாரடைப்பு என்று பேசிக்கொண்டார்கள். ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

துக்கத்துக்கு வந்த கூட்டம் சொல்லி முடியாது. இருக்க இடமில்லாமல் கார்பெட் மேல் ஏறி நின்றார்கள், உட்கார்ந்தார்கள், ஈரக்காலோடு நடந்தார்கள். காரியத்துக்கு முன்னால் அதைக் கழுவித் தர முடியுமா என்று கலைவாணி கேட்டார். கழுவினேன். முதல் முறையாக என் கறுப்புத் துணியில் உண்மையான மண் வந்தது. அந்த வேலைக்கு நான் ஒரு பைசா வாங்கவில்லை. கெட்டவனாக இருந்தால் அப்படிச் செய்வேனா, நீங்களே சொல்லுங்கள்.

காரியம் முடிந்ததும் அத்தையின் ஞாபகமாக அந்தக் கார்பெட்டைக் கலைவாணி தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். படுக்கையறையில் பூச்சி செத்தது உண்மை. கூடத்தில் கிடந்த கார்பெட்டில் சாகவில்லை, அதுவும் கூடவே போனது. நேற்று போன் செய்தார். குழந்தை உடம்பெல்லாம் தடித்திருக்கிறது, ராத்திரி முழுக்க வீறிடுகிறது, அத்தைக்கு வைத்த அதே மருந்தை வைக்க முடியுமா என்று கேட்டார். கேட்டுவிட்டு, "அத்த உங்க டப்பாவப் பத்திக்கூட சொன்னாங்க" என்றார்.

அதற்கு மேல் அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. அப்படியானால் இவருக்கும் தெரியும். போனில் சாதாரணமாகப் பேசுகிற மாதிரி பேசி என்னை வரவழைக்கிறாரோ என்று நினைத்தேன்.

இன்றைக்கு மத்தியானம் போனேன். கணவருக்குச் சென்னையில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவாராம். கலைவாணியும் குழந்தையும் மட்டும்தான் வீட்டில். குழந்தை இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறது. என் சட்டையில் தைத்திருக்கிற பெயரைப் பிடித்து இழுத்தது. அத்தைக்குச் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள், ஏசியைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் நன்றாகத் தூங்குங்கள் என்று. கார்பெட்டுக்கு அடியில் வைத்தேன். தொட்டில் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் வழியனுப்ப வந்தார். டப்பா விஷயத்தை அத்தை என்னவென்று சொன்னார் என்று அப்போதுதான் கேட்டேன். கேட்காமல் போக முடியவில்லை.

"எந்த மருந்துக்கு சாவுதுன்னு பாக்க ஒவ்வொரு வீட்லயும் பூச்சிய புடிச்சிட்டு போறாரு, டாக்டர் மாதிரி அக்கறையான புள்ளன்னு சொன்னாங்க" என்றார். "உங்களுக்கு ஒரு நல்ல சட்ட எடுத்துக் குடுக்கணும்னு சொல்லிட்டிருந்தாங்க. அதுக்குள்ள போய்ட்டாங்க."

அதைக் கேட்டதும் எனக்கு மனசு லேசாகிவிட்டது, மேடம். அந்த அம்மா கடைசிவரைக்கும் என்மேல் சந்தேகப்படவே இல்லை. இவருக்கும் ஒன்றும் தெரியாது. எங்களுக்குள் ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

கதவு சாத்திக்கொண்டது. தாழ் போடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் போய்த் தட்டி, வைத்ததை எடுத்துவிட்டு வந்திருக்கலாம்தான். படியில் நின்று அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்பார்களே, என்ன சொல்வது. பாதி சொன்னால் தப்பாகத்தான் புரியும். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் என்னைப் பற்றி ஒருவருக்கு விளங்கும். அதனால் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்தேன். வரும்போது நல்ல வெயில், இப்போது உங்கள் ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டது.

வீடு கருவடிக்குப்பத்தில், ரேஷன் கடைக்கு எதிர்ச்சந்து, மாடி, பச்சைக் கதவு. ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் இருக்கும், நான் ஒன்று சொன்னால் அவர்கள் அப்படியே கேட்பார்கள். போன் போட்டாலும் எடுக்கமாட்டார்கள், குழந்தை விழித்துவிடும் என்று நான்தான் அணைத்து வைக்கச் சொன்னேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள், மேடம்? உட்காருங்கள். நான் இன்னும் முடிக்கவில்லை.